அத்தையின் ஜீப்பும் அப்பாவின் பெல்ட்டும்

போன மாதம் பம்பாய் முலுண்டில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைக்காரி, தாராவி லேபர் கேம்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னாள்: "ஒங்க அத்தை பாவம்ட்டி. புருசன் வருவான் வருவான்னு அந்த ஓட்டை ஜீப்பக் கட்டிக்கிட்டுக் காத்துக் கெடந்தாவ." எதிர் வரிசையில் இருந்த நாலைந்து நரைத்த தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. எல்லாம் நம் செட்டு. தொண்ணூறடி ரோட்டில் ஒரே குழாயடியில் குடத்தோடு வரிசை நின்றவர்கள்.

கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஆனால் திரும்பி வரும் லோக்கல் ரயிலில் வழி முழுக்க மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அன்று தலையாட்டிய எல்லோரும் படியுங்கள். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளைகளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் அத்தை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. எனக்குப் பத்து வயசான அந்த மழைக்காலம் முழுக்க நான் அந்த ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் இல்லை.

ஜீப்பை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் சந்து ரோட்டில் வந்து சேரும் முனையில், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. ராணுவம் கழித்துப்போட்ட வண்டி. மாமா, அதாவது அத்தையின் புருஷன், ஏலத்தில் எடுத்தார். மேலே அடித்த நீலப் பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் பழைய பச்சை தெரியும். கதவு கிடையாது. கித்தான் கூரை. முன் கண்ணாடியைத் தளர்த்தி பானெட் மேல் படுக்கவைத்துவிடலாம். நாம் படுக்கவைத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறோம். பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கம்பி இருக்கும். அதைப் போட்டால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, பள்ளம், சாக்கடை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை. வெயிலில் நின்றால் பெட்ரோல் வாசனை, மழையில் நின்றால் நனைந்த கித்தானின் வாசனை. இரண்டையும் இப்போது எந்த வண்டியிலும் நான் முகர்வதில்லை.

அத்தை எப்படி ஓட்டக் கற்றாள் என்று ஆளுக்கொரு கதை சொன்னீர்கள். நடந்தது இதுதான். அந்த ஜீப் ஒரு நாளும் தானாகக் கிளம்பியதில்லை. ஒன்று முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், இல்லை தள்ள வேண்டும். மாமா தள்ளும்போது ஸ்டியரிங்கில் ஓர் ஆள் வேண்டும். "நான் தள்ளுதேன், நீ கிளட்ச விடு" என்று அவர்தான் அத்தையை ஏற்றி உட்காரவைத்தார். தள்ளியவர் மூச்சு வாங்கிப் பின்னால் நின்றுவிட, அவள் செம்பூர்ப் பக்கம் ஒரு காலி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிச் சுற்றி வந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். வண்டி நல்ல வண்டியாக இருந்திருந்தால் அவள் கடைசிவரை பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள்.

பிறகு மாமா துபாய் போனார். முதல் வருஷம் கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் பொங்கல் வாழ்த்து வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. அவர் செத்துப்போகவில்லை என்பது மட்டும் தெரியும். ஷார்ஜாவிலிருந்து வந்த யாரோ அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள், நன்றாகத் தொந்தி போட்டிருக்கிறார் என்று. அத்தை எங்கள் வீட்டு மாடி அறைக்கு, ஏணி வைத்து ஏறும் அந்த ஒற்றை அறைக்கு, தன் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். பெட்டியில் நாலு சேலையும் ஒரு ஸ்பேனர் செட்டும் இருந்தன.

இரண்டு வருஷம் நின்ற வண்டியை அவள் கிளப்பிய கதை தனி. கார்புரேட்டரைக் கழற்றி அம்மாவின் சோற்றுத் தட்டில் பரப்பிவைத்து, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தாள். அம்மா அந்தத் தட்டில் பிறகு யாருக்கும் சோறு போடவில்லை. தேய்ந்துபோன போல்ட்டுகளுக்கு எதிர்ச்சாரியில் லேத் வைத்திருந்த பாய் இருந்தார். அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். "தங்கச்சி, இது கடையில கெடைக்காது. நானே கடஞ்சு தாரேன். ஆனா ஒண்ணு, மாட்டுறது நீதான். வண்டிக்கு அடியில போயிப் படுக்க என் முதுகு கேக்காது" என்பார். அவள்தான் படுத்தாள். சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, ரோட்டோரம் சாக்கு விரித்து, கால் மட்டும் வெளியே தெரிய. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் சந்து முழுக்கப் பேசியது.

கிங்ஸ் சர்க்கிளில் கடை வைத்திருந்தவர்களுக்கு தினமும் விடிகாலையில் தாதர் மார்க்கெட்டிலிருந்து வாழை இலையும் தேங்காயும் வர வேண்டும். மழைக்காலத்தில் டெம்போக்காரர்கள் பாதிநாள் கையை விரித்துவிடுவார்கள். அத்தை கையை விரிக்கவில்லை. சின்ன கியரைப் போட்டு இலைக்கட்டுகளோடு தண்ணீரில் இறங்கிவிடுவாள். ஜூன் முடிவதற்குள் நாலு கடைகள் அவளை நம்பியிருந்தன. திரும்பும் வழியில் நின்றுபோன டாக்சிகளைக் கயிறு கட்டி வெளியே இழுப்பாள். இலைப் பால் பட்டு என் பள்ளிக்கூடச் சட்டை முழுக்கக் கறை. அம்மா திட்டுவாள். நான் அந்தக் கறையை மெடல் குத்திக்கொண்ட மாதிரிக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அப்பா.

அப்பா கெட்டவர் இல்லை, இதையும் எழுதிவிடுகிறேன். தாராவியில் தோல் பெல்ட் செய்யும் பட்டறையில் வெட்டுமேஸ்திரி. ஒரு முழுத் தோலைப் பார்த்தால் எத்தனை பெல்ட் தேறும் என்று கண்ணாலேயே சொல்வார். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் குத்தூசியும் மெழுகு நூலும் வைத்திருப்பார். இடுப்பில் தன் கையால் வெட்டிய ஒரு பெல்ட், பித்தளை பக்கிள், நடந்து வந்தால் பக்கிள்தான் முதலில் வரும். தோலைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது. இஞ்சின் என்றால் சத்தம் போடுகிற பெட்டி, அவ்வளவுதான்.

அவர் கணக்கு வேறு. இந்த ஜீப் இங்கே நிற்கும்வரை செம்பூரில் இருக்கும் மாமாவின் அண்ணன் வீட்டார் அத்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், ரோட்டில் படுத்து வண்டி ரிப்பேர் பார்க்கிறவளை எந்த வீட்டில் மருமகளாக வைப்பார்கள் என்று அவர் நினைத்தார். ஜீப் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அத்தைக்கு ஆசை இருக்கிறதா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பது இப்போது இந்த வயதில் எனக்குப் புரிகிறது. அப்போது எனக்கும்தான் தோன்றவில்லை.

குர்லாவிலிருந்து ஒரு பங்கார்வாலாவை, பழைய இரும்பு எடுக்கிறவனை, கூட்டிக்கொண்டு வந்தார். அவன் வெற்றிலை மென்றபடி ஜீப்பைச் சுற்றி வந்து, டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, எடைக்குத்தான் எடுப்பேன் என்றான்.

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு, எடைக்குப் போடுதியா?" என்றாள் அத்தை.

"வண்டி புக்கு ஒம்பேர்லயா இருக்கு? அவன் பேர்ல இருக்கு" என்றார் அப்பா. "இன்னிக்கு ஓடும், நாளைக்கு நடுரோட்ல நிக்கும். ஒரு ஆம்பள இல்லாம நீ என்னட்டி செய்வ?"

"நிக்கட்டும் பாப்போம். கணபதி வரைக்கும் இந்த மழையில ஒரு நாளாவது நடுவழியில நின்னுச்சுன்னா, நானே சாவியக் குடுத்திடுதேன். நிக்கலன்னா இவன் இந்தச் சந்துக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது. சரியாண்ணே?"

சரி என்றார் அப்பா. கணபதி வைக்கும் சதுர்த்திக்கு மறுநாள் வந்து பார் என்று பங்கார்வாலாவை அனுப்பினார்கள். இதுதான் பந்தயம். ஒரே ஒரு தடவை வண்டி வழியில் நின்றால் போதும், எல்லாம் முடிந்தது.

அதனால் அத்தை அந்த வண்டியைக் கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். தண்ணீரில் இறங்குவதற்கு அவளுக்கு ஒரு முறை உண்டு. கரண்டு பிரித்துக் கொடுக்கும் டப்பாவைச் சுற்றி கிரீஸ் அப்பி, பழைய சைக்கிள் ட்யூபை இழுத்து மாட்டுவாள். சைலன்ஸரின் வாயில் பாய் வளைத்துக் கொடுத்த இரும்புக் குழாயைச் சொருகி மேலே நீட்டிவிடுவாள். கடைசியாக பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி இஞ்சின் முழுக்க அடிக்கும், வண்டி அங்கேயே செத்துவிடும். பெல்ட் இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது, வண்டி அமைதியாக நடந்து போகும். ஆனால் அக்கரை சேர்ந்ததும் பெல்ட்டை மறுபடி மாட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இஞ்சினைக் குளிரவைக்க எதுவும் இல்லை, பத்து நிமிஷத்தில் கொதித்துவிடும். கழற்றிய பெல்ட்டை சீட்டுக்கு அடியில் இருந்த டூல் பெட்டியில் போடுவாள். போடுகிற வேலை என்னுடையது.

கணபதிக்கு நாலு நாள் இருக்கும்போது வானம் பொத்துக்கொண்டது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பாய் டைனமோவை இறக்கி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். டைனமோவைத் திருப்பி மாட்டியவர், பெல்ட்டை அத்தை மாட்டிக்கொள்ளட்டும் என்று சீட்டில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். அப்பா வேலை முடிந்து வந்தவர் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்தப் பெல்ட்டை எடுத்துச் சட்டைக்குள் சொருகினார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து இலைக்கட்டின் நாரை உரித்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய், அரிசி டின்னைத் திறந்து, பெல்ட்டை அரிசிக்குள் புதைத்தார். "மக்கா, நாளைக்குப் பேய் மழை அடிக்கும்னு ரேடியோவுல சொல்லுதான். அத்தை வண்டிய எடுத்தா செத்துப்போவா. இது இல்லன்னா வண்டி கெளம்பாது. நல்லதுக்குத்தான் செய்யுதேன். யாருட்டயும் சொல்லக் கூடாது. அம்மா மேல சத்தியம் பண்ணு."

பத்து வயசு எனக்கு. சத்தியத்தை மீறினால் அம்மா அங்கேயே விழுந்து செத்துப்போவாள் என்று நிச்சயமாக நம்பினேன். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பெல்ட் இல்லாமல்தான் அத்தை தண்ணீரில் போவாள் என்பது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அதைச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அதுவும் சத்தியத்தில் சேர்த்தியோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மழை சொன்னபடியே வந்தது. தாதருக்கு இலை லாரி வராததால் அத்தை அன்று விடிகாலையில் வண்டியை எடுக்கவில்லை. அப்பா காலையிலேயே ஒரு சாக்கு நிறைய பெல்ட்டுகளோடு கிங்ஸ் சர்க்கிள் கடைக்குச் சரக்குப் போடப் போய்விட்டார். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் விளக்கு போட வேண்டியிருந்தது. லோக்கல் ரயில் நின்றது, பஸ் நின்றது. மூன்று மணிக்கு மேல், அங்கிருந்து நீந்தாத குறையாக வந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் சொன்னார்: "ஒங்க வீட்டுக்காரர் ஹோட்டல் படியில நிக்கார். இடுப்புக்கு மேல தண்ணி. கட்டரு மூடியெல்லாம் தொறந்து கெடக்கு, எறங்காதீயன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். கேப்பாரோ என்னமோ."

திறந்து கிடக்கும் கட்டர், அந்தச் சாக்கடைக் குழி, என்றால் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு மழைக்கும் ஓர் ஆளையாவது அது விழுங்கும். அம்மா ஏணி அடியில் நின்று மேலே பார்த்து, "ஏளா" என்று மட்டும்தான் கூப்பிட்டாள். அத்தை அதற்குள் இறங்கிவிட்டாள்.

ஜீப்பின் பானெட்டைத் திறந்தாள். பெல்ட்டைக் கழற்றக் கையை விட்டவள் நின்றாள். பெல்ட் இல்லை. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பாய் கழத்திப் பெட்டியில போட்டுட்டார் போல. ஒரு வேலை மிச்சம்" என்று பானெட்டை மூடினாள். ட்யூபை மாட்டினாள், குழாயைச் சொருகினாள், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் வண்டி பிடித்தது. நான் யாரும் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கு என்று அம்மா கத்தினாள். நான் இறங்கவில்லை.

கிங்ஸ் சர்க்கிளில் ரோடு என்று எதுவும் இல்லை. நடுவில் நிற்கும் மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் வைத்துத்தான் ரோடு எங்கே என்று கணக்குப் போட வேண்டும். திறந்த கட்டர்களில் பையன்கள் மரக்கிளைகளைக் குத்திவைத்திருந்தார்கள். அத்தை சின்ன கியரைப் போட்டாள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. தண்ணீர் உள்ளே ஏறி என் கணுக்காலைத் தொட்டது, பிறகு முழங்காலை. என்னுடைய சிவப்பு வார் செருப்பில் ஒன்று மிதந்து வெளியே போயிற்று. அதைப் பிடிக்கக் குனிந்தேன், "விடுட்டி" என்று ஓர் அதட்டல். அந்தச் செருப்பு இன்றைக்கும் எனக்கு ஒரு குறைதான்.

அப்பா ஹோட்டலின் மேல்படியில் நின்றார். சரக்கைக் கொடுத்துவிட்டுக் காலிச் சாக்கைத் தலையில் போட்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எப்படிட்டி வந்துச்சு?" என்றார்.

"பெட்ரோல்ல. ஏறுண்ணே."

அதே படியில் நின்ற ஒரு ஆபீஸ்காரரும் குடையோடு ஏறிக்கொண்டார். "நீங்களே ஓட்டறேளாம்மா? பேஷ். என்னை அந்தக் கோயில் முக்குல எறக்கிவிட்டாப் போறும்" என்று அப்பாவைப் பார்த்து, "ஒங்க தங்கையா? கொடுத்து வெச்சவர் ஓய்" என்றார். அப்பா தலையிலிருந்த சாக்கை எடுத்துப் பிழிந்தார்.

தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வந்த வழியே திரும்ப முடியாது. மாட்டுங்கா மேட்டுக்கு ஏறி, சயான் சுற்றித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். நல்ல ரோடு, ஆனால் நீளம். ஆபீஸ்காரரைக் கோயில் முக்கில் இறக்கிவிட்டு, பெல்ட்டை மாட்ட அத்தை வண்டியை ஓரங்கட்டினாள். பானெட்டின் இடுக்கிலிருந்து அப்போதே ஆவி வந்துகொண்டிருந்தது. டூல் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர், ரம்பத் துண்டு, கிரீஸ் டப்பா, கந்தல். எல்லாவற்றையும் சீட்டில் கொட்டினாள். பெல்ட் இல்லை.

மறுபடி தேடினாள். என் காலுக்கு அடியில் தேடினாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மழையைப் பார்த்தார். அம்மா மேல் செய்த சத்தியம் ஞாபகம் வந்து, குனிந்து நானும் தேடினேன்.

அத்தை தேடுவதை நிறுத்தினாள். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்து உட்கார்ந்தாள். "நாந்தான் பாக்காம வந்துட்டேன். கெளம்புறதுக்கு முன்னாடி பெட்டியத் தொறந்து பாத்திருக்கணும். எம் புத்தி" என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இப்படியே ஓட்டுனா இஞ்சின் வெந்துபோவும். நின்னுபோச்சுண்ணே வண்டி. சொன்ன சொல்லு சொன்னதுதான். கணபதி கழிஞ்சு அவன் வந்தா எடுத்துட்டுப் போவட்டும்."

அப்பா ஜெயித்துவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என்னையும் சத்தியத்தில் கட்டிவைத்திருந்தார், உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. மழைச் சத்தம் கித்தான் கூரை மேல் கேட்டது.

"அரிசி டின்ல இருக்கு" என்றார் அப்பா.

அத்தை மெல்லத் திரும்பினாள். "என்னது?"

"அந்த ரப்பர் பெல்ட்டு. நாந்தான் எடுத்து ஒளிச்சேன். அது இல்லன்னா வண்டி கெளம்பாதுன்னு நெனச்சேன்."

அத்தை அவரையே பார்த்தாள். திட்டப் போகிறாள், அழப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. "மூதி" என்றாள், சொந்த அண்ணனை. "தண்ணிக்குள்ள போவ நான் கழத்திப் போடுறதையே ஒளிச்சு வச்சிருக்கியேண்ணே. ஒளிச்சதுதான் ஒளிச்ச, அந்த ஹேண்டில ஒளிச்சிருந்தா நான் வீட்டுல கெடந்திருப்பேன்லா." பிறகு சிரிப்பு நின்றது. கையை நீட்டினாள். "கழத்து."

"எத?"

"இடுப்புல கெடக்கதை."

அப்பா பக்கிளைப் பிடித்துக்கொண்டார். பம்பாயில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். நான் அந்த நிமிஷத்தில் அவருக்காகப் பாவப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கழற்றினார். கொடுக்கவில்லை. கழற்றித் தன் மடியிலேயே வைத்து ரம்பத் துண்டை எடுத்தார்.

"எவ்வளவு நீளம்?" என்றார், பட்டறைக் குரலில்.

அத்தை ஒரு கயிற்றை எடுத்து இஞ்சினுக்குள் சுற்றி அளந்து கொடுத்தாள். அப்பாவின் இடுப்புக்கும் அதற்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. அப்பா பக்கிளை அறுத்துப் போட்டார். தோலை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். "நனஞ்ச தோல் நீளும். ரெண்டு விரக்கட கொறச்சு வெட்டணும்" என்று தானே சொல்லிக்கொண்டார். பானெட்டுக்குள் குனிந்து, அத்தை காட்டிய மூன்று சக்கரங்களையும் சுற்றி அதைக் கொண்டுவந்து, பையிலிருந்து குத்தூசியை எடுத்துத் தைத்தார். அத்தை டைனமோவைப் பின்னால் இழுத்து போல்ட்டை முறுக்கினாள். கொதிக்கும் இஞ்சினில் அப்பாவின் முழங்கை பட்டுச் சுட்டது. கையை எடுக்காமல் தைத்தார். ஒருவர் கை எங்கே வரும் என்று மற்றவருக்குத் தெரிந்திருந்தது.

ரேடியேட்டரில் மழைத் தண்ணீரை ஊற்றினோம். ஹேண்டிலை அப்பா சுற்றினார், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு. ஃபேன் சுற்றியது. வழியில் மூன்று தடவை தோல் தளர்ந்தது. மூன்று தடவையும் இறங்கி முறுக்கினோம். அது நின்றதில் சேர்த்தி இல்லை என்று அப்பாவே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே அரிசி டின்னைத் திறந்தார். கையை முழங்கை வரை விட்டுத் துழாவினார். அரிசிதான் இருந்தது.

"அதுவா?" என்றாள் அம்மா. "கருப்பா நாத்தம் புடிச்சிக் கெடந்துச்சு. என்னமோன்னு எடுத்துக் கழுவி, கூரை ஒழுகுதேன்னு மாவுக் குண்டான் வாயில பிளாஸ்டிக்கப் போட்டு அத மாட்டுனேன். அளவெடுத்த மாதிரி இருந்துச்சு." தினமும் மூன்று தடவை அம்மா கைவிடும் டின்னில் போய் ஒளித்துவைத்த மனுஷன், தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பேன்ட் நழுவியது. அன்று எங்கள் வீட்டில் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு நாங்கள் சிரித்ததில்லை.

கணபதி வைத்த மறுநாள் பங்கார்வாலா கை வண்டியோடும் நாலு ஆட்களோடும் வந்தான். சந்து முழுக்க வேடிக்கை பார்க்க நின்றது. நீங்களும் நின்றீர்கள். அப்பா இடுப்பில் கயிறு கட்டியிருந்தார். கையில் ரப்பர் பெல்ட் இருந்தது. பங்கார்வாலாவிடம், "காடி பேச்னேகா நை" என்றார், அவருக்குத் தெரிந்த ஹிந்தியில். விற்கப்போவதில்லை. பிறகு அத்தனை பேர் முன்னாலும் பானெட்டைத் திறந்து, "ஏட்டி, இத எந்தப் பக்கமா மாட்டணும்?" என்று தங்கச்சியைக் கேட்டார். அந்தத் தோல் பெல்ட்டை அத்தை கழற்றிக் கண்ணாடிக் கம்பியில் கட்டிவைத்தாள். எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

இனி, நீங்கள் சொல்கிற காத்திருப்பு.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு விடிகாலையில் மாமா வந்தார். இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு டேப் ரெக்கார்டர், கூலிங் கிளாஸ். டாக்சியிலிருந்து இறங்கியவர் நேரே ஜீப்புக்குப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, சாவிக்குக் கையை நீட்டினார். அத்தை அப்போது ப்ளக் துடைத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல் துடைத்து முடித்தாள்.

"எந்திரிங்க. அது நான் உக்காருற எடம்."

அவர் சிரித்தார். "வண்டி புக்கு எம்பேர்லல்லா இருக்கு?"

அத்தை சீட்டைத் தூக்கி, டூல் பெட்டிக்கு அடியிலிருந்து மஞ்சளாகிப்போன அந்தப் புக்கை எடுத்தாள். கிரீஸ் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். "புக்க நீங்க வச்சுக்கிடுங்க. வண்டி எங்கிட்ட இருக்கட்டும். தள்ளி உக்காருங்க, தாதர் ஸ்டேசன்ல எறக்கி விடுதேன். எனக்கு அங்க எலை எடுக்கணும்."

மாமா அப்பாவைப் பார்த்தார், ஆம்பளைக்கு ஆம்பளை. அப்பா வந்து இரண்டு சூட்கேஸையும் தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார். டேப் ரெக்கார்டரை மட்டும் மாமாவின் மடியில் வைத்தார், குலுங்கினால் கெட்டுப்போகும் என்று.

ஒரு மணி நேரத்தில் வண்டி திரும்பி வந்தது. பக்கத்து சீட்டில் வாழை இலைக்கட்டு இருந்தது. கிங்ஸ் சர்க்கிள் கடைகளுக்கு அன்றைக்கும் இலை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்குப் பேர் காத்திருப்பதா? அடுத்த கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், பார்ப்போம்.